குட்டைக் காம்பு

20 நவம்பர் 2016, மசாசி

மில்லில் வருஷாவருஷம் கொடுக்கும் டைரி இது. இத்தனை மாதமும் வெள்ளையாகக் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், முகவரி, ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கேட்டிருக்கிறது. நிரப்பினேன். நல்லமுத்து, விருதுநகர் ராஜக்கனி அண்ணாச்சியின் பருப்பு மில்லுக்குத் துவரை வாங்குகிறவன். இப்போது இருப்பது தான்சானியாவின் தெற்குக் கோடியில் மசாசி என்னும் ஊர். ரத்த வகை தெரியாது. அவசரத்துக்கு சாத்தூர்ப் பக்கம் இருக்கும் என் அண்ணன் பெருமாள்சாமி. அவர் காட்டை விட்டுவிட்டு இங்கே எப்படி வருவார் என்று அந்தப் பக்கத்தில் கேட்கவில்லை.

போன வருஷம் நம் ஊரில் துவரம்பருப்பு விலை ஏறிய ஏற்றத்தில் ஓட்டல்காரர்கள் சாம்பாரில் பூசணிக்காயை அள்ளிப் போட்டு ஒப்பேற்றினார்கள். அப்போதுதான் அண்ணாச்சி என்னை இங்கே அனுப்பினார். இது இரண்டாவது வருஷம். அரைகுறை ஸ்வாஹிலி பேசுகிறேன். சரக்கு வைக்கக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதைப் பார்த்துக்கொள்ள பகாரி என்று ஓர் ஆளையும் வைத்திருக்கிறேன். தமிழ் பேசத்தான் யாருமில்லை. அதனால் டைரி.

நேற்று அண்ணாச்சி போனில் சொன்னது: "தம்பி, விளைய விளைய வாங்கு. இன்னும் போடச் சொல்லு. நம்ம சனம் சாம்பாரை விட்டாப் போயிரும்?"

4 டிசம்பர்

பகாரியின் பைக்கில் லிபுலு கிராமத்துக்குப் போனேன். அங்கே விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர் ஒரு பெண், சோமோயி. முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் இந்த ஊர்ப் பெண்கள் சுற்றிக்கொள்ளும் கங்கா துணி, கையில் போன், பேச்சில் கறார்.

இங்கே எல்லோரும் மக்காச்சோளத்துக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போடுகிறார்கள். சோளம் வீட்டுக்கு, துவரை இந்தியாவுக்கு. சோளத்தட்டையின் நிழலில் துவரை நோஞ்சானாக வளர்கிறது. தனிப்பயிராக, வரிசை பிடித்துப் போட்டால் இரட்டிப்பாக விளையும் என்று விளக்கினேன். என் அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் இந்த வருஷம் காடு முழுக்கத் துவரைதான் போட்டிருக்கிறார்.

"சோளத்தை எங்கே போடுறது?" என்று கேட்டார் சோமோயி.

"துவரையை வித்துட்டுச் சோளத்தை வாங்கிக்கலாமே."

"நீங்க வாங்குவீங்க, சரி. உங்க நாடு வாங்குமா?"

சிரித்துவிட்டேன். எங்கள் நாட்டில் துவரை வேகாத வீடு கிடையாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

12 டிசம்பர்

மழை விழுந்துவிட்டது. மூன்று நாளாக லிபுலுவில்தான் இருந்தேன். வாயால் சொன்னால் இவர்களுக்கு விளங்கவில்லை, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைச் செய்துதான் காட்ட வேண்டியிருந்தது. சந்தையில் ஒரு மண்வெட்டி வாங்கினேன். இவர்கள் மண்வெட்டிக்குக் காம்பு நெஞ்சுயரம் இருக்கிறது. அதைப் பிடித்து வெட்ட எனக்குக் கை வரவில்லை. பாதிக்குமேல் அறுத்து நம் ஊர் அளவுக்குக் குட்டையாக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். சோமோயியின் நிலம்தான் பாதையோரம் இருந்தது, ஊரே பார்க்க வசதி. அவர் அம்மா வழியில் வந்த நிலமாம்.

ஊரே பார்த்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காம்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் குலவை போட்டார்கள். மூன்றாம் நாள் சோமோயியின் தாய்மாமன் சைதி பெரியவர் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார வைத்து, கோழி அடித்துச் சோறு போட்டார். ஒரு கொள்முதல் ஆளுக்கு இந்த மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. சோமோயி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்று காலையிலிருந்து ஊர் முழுக்கத் தனித்துவரைதான் போடுகிறார்கள். சோளம் ஒரு வரிசைகூட இல்லை. செய்து காட்டினால் யாருக்கும் புரியும் என்பது என் கட்சி. அண்ணாச்சிக்கு போட்டோ அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மண்வெட்டியைக் கிட்டங்கிக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். சோமோயி வீட்டில் இருக்கிறது.

15 ஜனவரி 2017

புது டைரி வரவில்லை. இதிலேயே கிழமையைத் திருத்தி எழுதுகிறேன்.

நேற்று பொங்கல். பச்சரிசி கிடைக்காமல் இந்த ஊர் அரிசியில் வைத்தேன், குழைந்துவிட்டது. அண்ணனுக்கு போன் செய்தேன். மதினிதான் எடுத்தாள். எப்போதும் "எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போறீங்க?" என்று ஆரம்பிப்பவள் இந்தத் தடவை கேட்கவில்லை.

"துவரை அறுத்தாச்சு. வெலைதான் இல்ல கொழுந்தனாரே. வாற யாவாரி எல்லாம் அடிமாட்டு வெலைக்குக் கேக்கான். ஊரு பூராம் துவரையா போட்டா என்ன செய்யும்?"

அண்ணன் போனை வாங்கினார். "டேய், நீ அங்கிருந்து கப்பல் கப்பலா ஏத்துற. இங்க என் துவரையை எவன் வாங்குவான்? நீ சொல்லித்தானடா மொத்தக் காட்டுக்கும் போட்டேன்?"

அவர் குரல் உயரவில்லை. திட்டியிருக்கலாம்.

19 பிப்ரவரி

பகாரி இன்று கிட்டங்கியில் சாக்கு தைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான், "எப்போ லிபுலுவுக்குக் குடி போறீங்க?"

"நான் ஏன் போகணும்?"

"மாப்பிள்ளை மாமியார் ஊர்லதானே இருக்கணும்?"

சாக்குமேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். லிபுலுவில் ஒருவன் ஒரு பெண்ணின் தாய்வழி நிலத்தில் தன் சொந்த மண்வெட்டியோடு இறங்கி மூன்று நாள் வெட்டினால், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான் என்று அர்த்தம். மாமன்காரன் சோறு போட்டால் சம்மதம். மண்வெட்டி அவள் வீட்டில் தங்கினால் அவன் அந்த வீட்டு ஆள். ஊரே தனித்துவரை போட்டது என் விளக்கத்தைக் கேட்டு இல்லையாம்.

"வியாபாரி சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டாங்க. அவங்க எத்தனை வியாபாரியைப் பார்த்திருக்காங்க! மருமகன் சொன்னான், போட்டாங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

பகாரி ஊசியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான். "தெரியும்னுதான் நினைக்கிறேன். ஆனா மண்வெட்டியைத் திருப்பி அனுப்பலையே."

நாளைக்கே போய்த் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தொழில் வேறு, இது வேறு.

26 பிப்ரவரி

லிபுலுவில் களை அதிகம். நான் போய் வெட்டிவிட்டு வந்தேன்.

9 ஏப்ரல்

துவரை இடுப்பைத் தாண்டிவிட்டது. இப்படி ஒரு பச்சையை நான் எங்கும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லிபுலு போவது வழக்கமாகிவிட்டது. பயிரைப் பார்வையிட வேண்டும் அல்லவா.

இன்று சோமோயி வீட்டில் சாம்பார் வைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி, புளி எல்லாம் எடுத்துப் போனேன். துவரையைத் தோல் நீக்கி உடைக்கவே அரை நாள் ஆயிற்று. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தத் தண்ணிக்காகவா இவ்வளவு தூரம் கப்பல் விடுறீங்க?" என்றாள். இவர்கள் துவரையை முழுதாக வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

வாசலில் இரண்டு மண்வெட்டிகள் சாத்தியிருந்தன. குட்டைக் காம்பு என்னுடையது. நெடுங்காம்பு யாருடையது என்று கேட்டேன்.

"என் புருஷனோடது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். வரல. போறவன் மண்வெட்டியை நாங்க தொட மாட்டோம், அவன் விட்ட மாதிரியே இருக்கும். பல மழைக்காலம் காத்துப் பார்த்தோம். அப்புறம் மாமா காம்பைக் கழட்டிப் புதுசு போட்டார். காம்பு மாத்தினா அது அவனோடது இல்ல, வீட்டோடது. இப்போ நான்தான் அதுல வெட்டுறேன்."

"அழுதியா?"

"காம்பு மாத்தின அன்னிக்கு அழுதேன். அவன் போன அன்னிக்கு அழல." பிறகு என் மண்வெட்டியைக் காட்டினாள். "இது என்ன, குழந்தைக்குச் செஞ்ச மாதிரி! யாராலயும் இதுல வெட்ட முடியாது. முதுகு போயிடும்."

தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று போனதைச் சொல்லவில்லை. சாம்பார்ப் பாத்திரம் கழுவுவதிலேயே இருட்டிவிட்டது.

14 மே

சோளம் அறுக்கும் மாதம். பக்கத்து ஊர்களில் அறுத்த தட்டையைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். லிபுலுவில் அடுக்க ஒன்றுமில்லை. மாவைக் கடையில் வாங்குகிறார்கள், துவரை விற்றதும் தருவதாகச் சொல்லி. கடைக்காரர் தயங்கினால், "எங்க மருமகன் வாங்கப் போறான்" என்கிறார்களாம். பகாரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

சைதி பெரியவர் என்னைத் தனியே அழைத்து, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு என்றைக்காவது வருவேனா என்று கேட்டார். அவசரமில்லை என்றும் அவரே சொன்னார். பெயரை மாற்ற வேண்டியிருக்குமா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

25 ஜூன்

அண்ணாச்சி பேசினார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"தம்பி, கொஞ்சம் பொறு. இங்க கிட்டங்கி நிறைஞ்சு கெடக்கு. வடக்க எல்லாம் போராட்டம். வெளிநாட்டுப் பருப்பை நிப்பாட்டுன்னு கூப்பாடு போடுதாங்க. என்னமோ வரும்போல இருக்கு."

"அண்ணாச்சி, இங்க காய் முத்தத் தொடங்கிருச்சு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மூன்று நாள் மண் வெட்டினேன் என்றா?

2 ஜூலை

லிபுலு போனேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா எதையாவது சொல்லிக் கலவரப்படுத்தக் கூடாது. காய் நன்றாக நிறைந்திருக்கிறது. சோமோயி ஒரு நெற்றை உரித்து, விதையைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். காய்ந்த பதம் பார்க்க நான் சொல்லிக்கொடுத்தது. "உங்க அம்மா சாப்பிட இதுல நல்லதா ஒரு மூட்டை தனியா வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது என்றேன். "அப்போ அண்ணனுக்கு" என்றாள்.

6 ஆகஸ்ட்

உத்தரவு வந்துவிட்டது. அண்ணாச்சி பேப்பர் செய்தியை அனுப்பினார். துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு. வருஷத்துக்கு இவ்வளவுதான், அதற்குமேல் ஒரு மூட்டைகூடக் கிடையாது. அந்த அளவுக்கு ஏற்கெனவே சரக்கு வந்து இறங்கிவிட்டதாம். ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்கு மட்டும் விலக்கு. மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் இருக்கிறது. தான்சானியாவோடு இல்லை.

இங்கிருந்து தெற்கே போனால் ருவுமா ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொசாம்பிக்.

நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். லிபுலுவில் இன்று அறுப்பு ஆரம்பம்.

7 ஆகஸ்ட்

அண்ணன் போன் செய்தார். பொங்கலுக்குப் பிறகு அவராகப் பேசுவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்!

"தம்பி, கேள்விப்பட்டியா? வெளிநாட்டுத் துவரையை நிப்பாட்டிட்டான். வெதைச்சது வீண் போகாது. இந்த வருஷமாவது நாலு காசு பாத்துருவேன்டா. போன வருஷக் கடனுக்கு உன் மதினி தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காதோட நிக்கா."

எனக்கு மதினியின் காது நினைவுக்கு வந்தது. அப்பா செத்தபின் என்னைப் படிக்க வைத்தது அந்த வீடு. "நல்லதுண்ணே" என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். என் அண்ணன் வாழ வேண்டாமா? அதே வாயால் நாளை லிபுலுவில் என்ன சொல்வேன்? இப்படி ஓர் இக்கட்டு எந்த மனிதனுக்கும் வரக் கூடாது.

13 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன்.

மாமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூட்டைகள். லாரி எப்போது வரும் என்று கேட்கத்தான் கூடியிருந்தார்கள். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை, உட்கார்ந்து சொன்னேன். லாரி வராது. என் நாடு கதவைச் சாத்திவிட்டது. எனக்குத் தெரியாது, நான் நினைக்கவில்லை, இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். பாதியில் ஸ்வாஹிலி மறந்துபோய்த் தமிழில் பேசியிருக்கிறேன்.

ஒருவராவது அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். வியாபாரியாக இருந்திருந்தால் அடித்திருப்பார்கள். பெண்கள் கங்கா துணியை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள், சாவு வீட்டிலிருந்து போவது மாதிரி.

சோமோயி மட்டும் இருந்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க."

"அங்கேயும் இதே மண்ணுதானே? இதே துவரைதானே? என் சித்தி அங்கேதான் இருக்கா. இதே விதையைத்தான் கொண்டுபோனா."

"ஒப்பந்தம் அந்த நாட்டோடதான்."

"எங்க நாட்டோட ஏன் போடல?"

நான் ஒரு பருப்பு மில் ஆள். எனக்கு என்ன தெரியும்? நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நான் சொல்ல முடியும் என்று அவள் நம்பினாள்.

"எங்க அண்ணனும் துவரைதான் போட்டிருக்கார்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "விலையில்லாம மதினி நகையை வித்தாங்க. அவங்களுக்காகத்தான் நிப்பாட்டியிருக்காங்க."

அதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். தரையில் சிந்திக் கிடந்த துவரை மணிகளைப் பொறுக்கினாள். "அப்போ உங்க அண்ணன் வீட்டுல இந்த வருஷம் சாப்பிடுவாங்க" என்றாள். குத்தலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

20 ஆகஸ்ட்

உள்ளூர் வியாபாரிகள் கேட்கும் விலை சாக்கின் விலைக்குக்கூடக் காணாது. அண்ணாச்சி, "ஆத்தைத் தாண்டிப் போ, அங்கன வாங்கு. டிக்கெட் நான் தாரேன்" என்கிறார். முடியாது என்றேன். "அப்ப ஊருக்கு வந்து சேரு. சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுக்க முடியாது தம்பி" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். கம்பெனி இல்லாமல் எனக்கு விசாவும் இல்லை.

கையில் இருந்த சம்பளத்தோடு சோமோயி வீட்டுக்குப் போனேன். அவள் துவரையை மட்டும் நானே பழைய விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"பக்கத்து வீட்டுது?"

"அவ்வளவுக்கு என்கிட்ட இல்ல."

"என் வீட்டுக்கு வந்தவன் பேச்சைக் கேட்டு ஊரே போட்டுச்சு. என் மூட்டை மட்டும் வித்தா நான் இந்தப் பாதையில எப்படி நடப்பேன்? பணத்தை உள்ளே வை, முத்து."

என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்திலா?

3 செப்டம்பர்

லிபுலுவில் காலையும் துவரை, ராத்திரியும் துவரை. தேங்காய்ப்பால் நின்றுவிட்டது, வெறும் உப்பு. விற்க முடியாததைத் தின்கிறார்கள். சோளமாவுக்கு ஆடுகளை விற்கிறார்கள். பகாரிக்குக் கிட்டங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

சைதி பெரியவர் கோழி அடிக்கவில்லை. அடிக்கக் கோழியும் இல்லை. நாற்காலி மட்டும் போட்டார். "நீ வேணும்னு செய்யல" என்றார். "ஆனா நாங்க சோளம் போடாம விட்டது உனக்காகத்தான்." அதற்குமேல் அவர் பேசவில்லை. எங்கள் ஊரிலும் தாய்மாமன் பேசாமல் இருந்தால்தான் பயம்.

வாசலில் என் மண்வெட்டி சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போகச் சொல்வாள் என்று பயந்தேன். சொல்லவில்லை.

"டிசம்பர்ல மழை வரும்" என்றாள் சோமோயி. "இந்தத் தடவை சோளம்தான். ஊடே கொஞ்சம் துவரை. வெட்ட ஆள் வேணும்."

"வந்துருவேன்."

"பணம் கொண்டுவராதே. வியாபாரம் பேசாதே. நீ மட்டும் வா. முதல் புருஷனுக்குப் பல மழை பார்த்தேன். உனக்கு ஒரு மழைதான். ஊருக்கு அதுக்குமேல பொறுமை இல்ல, எனக்கும் வயசாகுது."

"மழைக்கு முன்னாடியே வந்துருவேன்" என்றேன். என் உயிர்மேல் சத்தியமாக அப்போது வருவேன் என்றுதான் சொன்னேன்.

பைக்கில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அவள் குட்டைக் காம்பைத் துணியால் துடைத்து, மழை படாதபடி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை நேசிக்கிறேன். இதை எழுத இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

17 செப்டம்பர், விருதுநகர்

வந்து சேர்ந்தேன். அண்ணாச்சி மில்லிலேயே உள்ளூர்க் கொள்முதலில் போட்டுவிட்டார். வெயில்.

29 அக்டோபர்

அண்ணன் காட்டில் துவரை தலைக்குமேல் நிற்கிறது. வார லீவில் அங்கே போகிறேன். சுற்றுலா விசாவில் தான்சானியா போகலாம் என்று டிராவல்ஸ்காரர் சொன்னார். டிக்கெட்டுக்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பார்க்கலாம்.

19 நவம்பர்

பகாரி பேசினான். லிபுலுவில் இரண்டு குடும்பம் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டதாம். சோமோயி சங்கத்துச் செயலாளர் பதவியை விட்டுவிட்டாள் என்றான். விட்டாளா, விடச் சொன்னார்களா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

இப்போது போய் அந்த ஊரில் எந்த முகத்தோடு நிற்பது? கொஞ்சம் ஆறட்டும். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

10 டிசம்பர்

மசாசியில் மழை விழுந்துவிட்டதாம். பகாரி ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தான்.

அண்ணன் காட்டில் இந்த மாதம் காவல் இருக்க ஆள் இல்லை. பன்றித் தொல்லை. அறுப்பு முடிந்ததும் கிளம்பிவிடலாம். அங்கே மழை மார்ச் வரைக்கும் பெய்யும்.

24 டிசம்பர்

துவரை அடித்து மூட்டை பிடித்தோம். என் மில்லுக்கே வாங்கினோம். பிரமாதமான விலை என்று சொல்ல முடியாது, ஆனால் போன வருஷத்துக்கு எவ்வளவோ மேல். மதினி காதில் சின்னதாக ஒரு தோடு ஏறியிருக்கிறது. அண்ணன் என்னைக் களத்துமேட்டில் உட்கார வைத்தார்.

"தம்பி, நீ வந்ததுல இருந்து சோறு தண்ணி இறங்கல உனக்கு. அங்கன யாரையும் விட்டுட்டு வந்தியா?"

சொல்லிவிட்டேன். மண்வெட்டி முதல் எல்லாம். திட்டுவார், சாதிசனம் என்பார் என்று நினைத்தேன். மண்ணைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"போறதுனா போடா. பிந்திட்டா வருத்தப்படுவ. டிக்கெட்டுக்கு நான் தாரேன், இந்தத் துவரை வித்த காசுல. ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அவர் மடியிலிருந்து ரூபாயை எடுத்தார். எனக்குக் கை நீளவில்லை. அவளுக்குக் கதவைச் சாத்தியதால் வந்த பணம். அதில் டிக்கெட் எடுத்துப் போய் அவள் வாசலில் எப்படி நிற்பேன்? அண்ணனுக்கு இதைச் சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும். "பொங்கல் கழியட்டும்ணே" என்றேன்.

பணம் கொண்டுவராதே, நீ மட்டும் வா என்றுதானே சொன்னாள்? அதை இப்போதுதான் நினைக்கிறேன்.

31 டிசம்பர்

ஒன்றுமில்லை.

14 ஜனவரி 2018

பொங்கல். மதினி வாசலில் கோலம் போட்டு, பானையில் மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தாள். பால் பொங்கும்போது எல்லோரும் சத்தம் போட்டோம். அப்போது போன் அடித்தது. பகாரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கூடவே ஒரு குரல் செய்தி: "பாஸ், சோமோயி இதை உங்களுக்கு அனுப்பச் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லச் சொல்லல."

அந்தப் பாதையோர நிலம். சோளம் முழங்கால் உயரம். ஊடே துவரைக் கன்றுகள், முன்பெல்லாம் போடுவார்களே, அதே மாதிரி. நல்ல பயிர். சோமோயி நடுவில் நிற்கிறாள். மெலிந்திருக்கிறாள். அதே கங்கா துணி. சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை, கேமராவை நேராகப் பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு மண்வெட்டியை ஊன்றிப் பிடித்திருக்கிறாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டில் ஓரம் உடைந்த இடம் தெரிந்தது, முதல் நாள் நான் கல்லில் வெட்டி உடைத்தது. என்னுடைய மண்வெட்டிதான்.

"என்னடா போட்டோ?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே சோளம்! இது யாரு, அந்தப் பிள்ளையா?"

ஆமாம் என்றேன். பேச முடியாமல் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மதினி வந்து தோளில் கை வைத்தாள். பொங்கல் ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கள் என்றாள்.

காம்பு புதிது. பட்டை உரித்த வெள்ளை இன்னும் மாறவில்லை. அவள் நெஞ்சுயரம் இருக்கிறது.